அனியெல்லோ வைத்த நாற்பத்தெட்டு

அனியெல்லோ கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவன் செய்த காரியத்தைக் கேட்கிற யாருக்கும், அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்கத்தான் கை துறுதுறுக்கும். மொந்தேசாந்தோ மலை ரயிலை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவன். தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொத்தானை ஒருநாளும் தொட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன், வீட்டில் பெண்டாட்டியின் மடிக்கணினியில் போய்க் கையை வைத்தான்.

பெண்டாட்டி பெயர் நுன்சியா. பிஞ்ஞசேக்கா சந்தைக்குப் பக்கத்தில் லாட்டரிக் கடையில் சீட்டு எழுதிக் கொடுக்கிறவள். நேப்பிள்ஸில் லாட்டரிக் கடை என்பது பாதிதான் கடை, மீதி பாவசங்கீர்த்தனக் கூண்டு. வருகிறவர்கள் நம்பரைச் சொல்வதில்லை, கனவைச் சொல்வார்கள். மாமியார் மீன் வறுக்கிற மாதிரி கனவு வந்தது, பக்கத்து வீட்டுப் பூனை தொட்டியில் விழுந்தது, செத்துப்போன அண்ணன் வந்து சாவியைக் கேட்டான். உலகத்தில் இருக்கிற அத்தனைக்கும் ஒன்றிலிருந்து தொண்ணூறுக்குள் ஓர் எண் உண்டு. எட்டு மாதா, பதிமூன்று அந்தோனியார், இருபத்திரண்டு பைத்தியக்காரன், எழுபத்தொன்பது திருடன். நுன்சியா பத்தொன்பது வருஷம் இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றையும் நம்பவில்லை. ஆனால் ‘ஏன் நம்புகிறார்கள்?’ என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. நாற்பது வயதில் இணையவழிப் பல்கலைக்கழகம் ஒன்றில் உளவியல் படிக்கச் சேர்ந்தாள். நாலு வருஷம். எண்களை நம்பி முடிவெடுக்கும் மனிதர்களைப் பற்றி நூற்றுப் பத்துப் பக்கம் ஆய்வு எழுதி முடித்தாள்.

நம்பாதவள் அவள். நம்புகிறவன் அவள் வீட்டிலேயே இருந்தான். அனியெல்லோ பதினேழாம் தேதி முடிவெட்டிக்கொள்ள மாட்டான். பதினேழு என்றால் கேடு.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நுன்சியாவுக்கு இறுதி வாய்மொழித் தேர்வு. மூன்று பேராசிரியர்கள் கேமரா வழியாகக் கேள்வி கேட்பார்கள். விதிமுறைக் காகிதம் நாலு பக்கம் வந்திருந்தது. விண்ணப்பத்தில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த வீட்டில், எழுதிக் கொடுத்த அறையில்தான் உட்கார வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. வேறு குரல் கேட்டால் தேர்வு ரத்து. இணைப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் அறுந்தாலும் ரத்து. அடுத்த தேர்வு ஜூலையில்.

இதையெல்லாம் அவள் பத்திரமாக ஆணியில் மாட்டி வைத்திருந்த நேரத்தில்தான், கட்டடத்துக் கதவில் யாரோ ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். தெருவில் கேபிள் வேலை. வியாழக்கிழமை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை மின்சாரம் இருக்காது.

நுன்சியா நோட்டீஸைப் படித்தாள். ஒரு நிமிஷம் சுவரில் சாய்ந்து நின்றாள். அப்புறம் மாடியேறி வந்து, ஒரு நோட்டை எடுத்துத் தலைப்பு எழுதிக் கோடு போட்டாள். அவள் அப்படித்தான். அழுவதற்கு முன்னால் பட்டியல் போடுகிறவள்.

மடிக்கணினி பழசு, யாரோ வைத்திருந்து விற்றது. பேட்டரி அதைவிடப் பழசாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அதன் அமைப்புகளோடு மல்லுக்கட்டினாள். அனியெல்லோ காபிக் கோப்பையோடு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

“இது என்ன பண்றே?”

“வெளிச்சத்தைக் குறைக்கிறேன். முப்பதுல வச்சிருக்கேன்.”

“முப்பதா? முப்பதுன்னா லெப்டினன்டோட...”

“லெப்டினன்டோட எந்த அசிங்கம்னு எனக்கும் தெரியும். பத்தொன்பது வருஷம் கடையில உக்காந்திருக்கேன். வாயை மூடு.”

அவன் மூடவில்லை. “இது?”

“கீபோர்டுக்கு அடியில எரியுற விளக்கு. அணைச்சாச்சு. புளூடூத் அணைச்சாச்சு. பின்னால சத்தமில்லாம ஓடிட்டிருந்த புரோகிராம் பூரா மூடியாச்சு. திரை மட்டும் தானா அணையக் கூடாது. நான் பேசிட்டிருக்கும்போது அணைஞ்சா தொலைஞ்சேன்.”

“கடைசில ரெண்டு பெட்டி இருக்கே, பத்து, அஞ்சுன்னு?”

“பத்து சதவீதம் வந்தா மணியடிக்கும். அஞ்சு வந்தா... அதெல்லாம் உனக்கு எதுக்கு? அவ்வளவு தூரம் இறங்கவே இறங்காது.”

அந்தப் பாதி வாக்கியத்தை அவள் முடித்திருக்கலாம். முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மத்தியானம் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, வெறும் பேட்டரியில் ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நூறிலிருந்து ஐந்துக்கு வர இரண்டு மணி இருபது நிமிஷம் ஆயிற்று. இணையத்துக்குக் கைபேசி இருக்கிறது. போதும், தாராளமாகப் போதும். நோட்டில் அடிக்கோடு போட்டு மூடினாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அவள் சிரித்ததைப் பார்த்து அனியெல்லோவுக்கே வயிறு நிறைந்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் நுன்சியா, தங்கையிடம் ஒரு நல்ல கோட்டு இரவல் வாங்கப் பக்கத்து ஊரான போர்த்திச்சி வரை போனாள். மடிக்கணினி மேசையில் திறந்தபடியே இருந்தது. அனியெல்லோ அதன் எதிரில் உட்கார்ந்தான்.

கெடுதல் செய்ய உட்காரவில்லை. அவளுடைய ஆய்வை ஒரு பக்கமாவது படித்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தான். முதல் பத்தியை மூன்று தடவை படித்தான். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் புரிந்தது, சேர்த்துப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. மூடிவிட்டான். மனசு கனத்தது. நாளைக்கு அவள் தனியாக உட்கார்ந்து மூன்று பெரிய மனிதர்களோடு பேசப் போகிறாள், இவனால் ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியாது. அந்தக் கனத்தோடுதான் அவன் ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே வழியில் போனான். வலது மூலைப் பேட்டரிப் படம், கீழ் வரி, கூட்டல் குறி. அந்த இரண்டு பெட்டிகளும் வந்து நின்றன.

பத்து. ஐந்து.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து என்றால் மொச்சைக்கொட்டை! பட்டம் வாங்கப் போகிறவளுக்கு மொச்சைக்கொட்டையா? ஐந்து என்றால் கை. அந்தக் கை கடைசி நேரத்தில் விரிந்துவிட்டால்? இத்தனை படித்தவள், இத்தனை வருஷம் அந்தக் கடையில் உட்கார்ந்தவள், இந்த விஷயத்தில் இப்படிக் கோட்டை விட்டிருக்கிறாளே என்று நிஜமாகவே பரிதாபப்பட்டான்.

முதல் பெட்டி சுலபம். ஐம்பத்தேழு, கூனன். கூனன் முதுகைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். இரண்டாவது பெட்டிக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. பெட்டிக்கு மேலே ‘ஆபத்து நிலை’ என்று போட்டிருந்தது. ஆபத்து வேளையில் துணை நிற்கிற எண் வேண்டும். எட்டு மாதாவை வைக்கலாம், ஆனால் பேட்டரி விஷயத்துக்கெல்லாம் மாதாவைத் தொந்தரவு செய்யலாமா? முப்பத்துநான்கு தலை, படிப்புக்கு நல்லது. ஆனால் நாளைக்கு நடப்பது எழுத்துத் தேர்வு இல்லையே, வாயால் பேச வேண்டிய தேர்வு.

பேச வேண்டும். எது வந்தாலும் பேச வேண்டும். செத்தாலும் பேச வேண்டும்.

அட, நாற்பத்தெட்டு!

நாற்பத்தேழு செத்தவன். நாற்பத்தெட்டு, செத்தும் பேசுகிறவன். அனியெல்லோவுக்குப் புல்லரித்தது. நாற்பத்தெட்டை அடித்தான், சிலுவை போட்டுக்கொண்டான், ‘சரி’யைத் தட்டினான். அதற்கும் கீழே ‘ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும்’ என்று இன்னொரு வரி இருந்தது. அதில் ‘உறக்கநிலை’ என்று போட்டிருந்தது. அது எண் இல்லையாதலால் அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நுன்சியா திரும்பி வந்தபோது வாயைத் திறக்கவில்லை. ஒருவருக்காக வைத்த எண்ணை அவரிடமே சொன்னால் பலன் போய்விடும் என்பது ஊரறிந்த விஷயம்.

வியாழக்கிழமை விடிந்தது. நேப்பிள்ஸில் பேருந்து நேரத்துக்கு வராது, குழாய்க்காரர் நேரத்துக்கு வரமாட்டார், கல்யாணப் பெண்ணே நேரத்துக்கு வரமாட்டாள். ஆனால் அன்றைக்கு மின்சாரம் மட்டும் டாண் என்று ஒன்பது மணிக்குப் போயிற்று.

எதிர்வீட்டு ரக்கேலே அம்மாள், ஊர் வழக்கில் தோன்னா ரக்கேலே, படிக்கட்டுக் காவலைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். ஐந்து மாடிக்கும் கேட்கிற குரல் அவளுக்கு. அந்தக் குரலாலேயே கட்டடத்தை அமைதிப்படுத்தினாள்.

“பதினோரு மணிலேர்ந்து இந்தப் படிக்கட்டுல எவனாவது தும்மினா, எங்கிட்ட பதில் சொல்லணும்! நம்ம நுன்சியா டாக்டர் ஆகப் போறா!”

“அந்த டாக்டர் இல்லை, தோன்னா ரக்கேலே. பட்டம் வாங்கினா இங்க எல்லாரையும் அப்படிக் கூப்பிடுவாங்க, அவ்வளவுதான்,” என்றாள் நுன்சியா கதவிடுக்கிலிருந்து.

“எந்த டாக்டரா இருந்தா என்ன? எனக்கு முட்டி வலிக்குது, நீ பார்க்கத்தான் போறே. போய் உக்காரு.”

பத்தே முக்காலுக்கு நுன்சியா தங்கையின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முன்னறையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். நூறு சதவீதம். கதவைச் சாத்துவதற்கு முன் அனியெல்லோவைப் பார்த்து, “பயமா இருக்கு,” என்றாள்.

“ஒண்ணும் ஆகாது. எல்லாம் பார்த்தாச்சு,” என்றான் அவன். பார்த்த லட்சணம் அப்புறம்தானே தெரிந்தது.

கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு, காதைக் கதவில் ஒட்டவைத்து உட்கார்ந்தான். பக்கத்தில் ரக்கேலே நின்றாள், கையில் கடிகாரம். முதலில் வேறு இரண்டு மாணவர்கள். அவர்கள் முடிக்கவே பதினொன்றரை தாண்டிவிட்டது. பிறகு ஒரு பெண்குரல் கேட்டது, வடக்கத்திப் பேச்சு, ஒவ்வொரு எழுத்தும் இஸ்திரி போட்டது போல. தலைமைப் பேராசிரியர் த்ரெவிசான், உதினேக்காரர்.

“நல்லது, சிஞ்ஞோரா. ஆரம்பிங்க.”

நுன்சியா ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாக்கியம் நடுங்கிற்று. மூன்றாவதில் அவள் தன் கடையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் குரல் நிமிர்ந்தது. அனியெல்லோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். இவள் நம்ம நுன்சியாதானா? காய்கறிக்காரரோடு சண்டை போடுகிற அதே வாய், எவ்வளவு அழகாக, எவ்வளவு நிதானமாகப் பேசுகிறது! பெருமையில் அவன் ரக்கேலேயின் கையைப் பிடித்து நசுக்கினான். அவள் ‘ஐயோ’ என்று வாயை மட்டும் அசைத்தாள்.

டிங்!

உள்ளே மணியடித்தது. நுன்சியாவின் பேச்சு ஒரு கணம் நின்றது. “மன்னிக்கணும், பேட்டரி... ஐம்பத்தேழுதானே...” என்று முணுமுணுத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

கூனன் வந்துவிட்டான்! அனியெல்லோ புன்னகைத்தான். புன்னகை பாதியிலேயே உறைந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னது ஞாபகம் வந்தது. பத்து வந்தால் மணியடிக்கும் என்றாள். பத்து இருந்த இடத்தில் இவன் ஐம்பத்தேழை வைத்தான், ஐம்பத்தேழில் மணியடித்துவிட்டது. அப்படியென்றால் ஐந்து இருந்த இடத்தில் வைத்த நாற்பத்தெட்டு வந்தால்?

‘ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும்: உறக்கநிலை.’

அவன் ரக்கேலேயின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தான். பதினோரு மணி நாற்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கணக்குப்படி பார்த்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். கதவைத் திறக்க முடியாது, குரல் கேட்டால் ரத்து. திறக்காவிட்டால் மெஷின் தூங்கிவிடும், அதுவும் ரத்து. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சமையலறைக்கு ஓடி ஒரு பழைய உறையை எடுத்து, ‘48-ல் தூங்கிவிடும். நான்தான் மாற்றினேன். 5 போடு. மன்னித்துவிடு’ என்று எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினான். உறை நேராகப் போய்க் கம்பளத்துக்கு அடியில் நுழைந்துகொண்டது. ஒரு மூலைகூட வெளியே தெரியவில்லை.

“என்னாச்சு?” என்று ரக்கேலே சைகையில் கேட்டாள்.

அவன் தன் கழுத்தைத் தானே நெரித்துக் காட்டினான்.

உள்ளே கேள்விகள் ஓடிக்கொண்டிருந்தன. நுன்சியா ஒவ்வொன்றையும் வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். அவள் நன்றாகப் பேசப் பேச இவன் நெஞ்சு இன்னும் அதிகமாக அடித்துக்கொண்டது. மோசமாகப் பேசியிருந்தால்கூட ஜூலை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவளை நான் கவிழ்த்துவிட்டேனே!

“கடைசியா ஒரு கேள்வி,” என்றார் த்ரெவிசான். “அறுபத்திரண்டாம் பக்கம். ஜனங்க இந்த எண்களை லாட்டரிக்கு மட்டும் இல்லை, வீட்டு முடிவுகளுக்கும் கொண்டுபோறாங்கன்னு எழுதியிருக்கீங்க. உங்க ஆய்வுக்கே முதுகெலும்பு இதுதான். ஆனா நீங்க குடுத்திருக்கிற அத்தனை உதாரணமும் கடைக்குள்ள நடந்தது. வெளியில, வாழ்க்கையில, நீங்களே கண்ணால பார்த்த ஒரு உதாரணம் உண்டா? இல்லேன்னா அந்த வாக்கியத்தை எடுத்துடணும். வாக்கியம் போனா ஆய்வு நிக்காது. யோசிச்சுச் சொல்லுங்க.”

உள்ளே நாற்காலி முன்னால் நகரும் சத்தம்.

“இருக்கு, புரொஃபசர்,” என்றாள் நுன்சியா மெல்ல. “எங்க வீட்டுக்கார...”

அவ்வளவுதான். பேச்சு அறுந்தது. பிறகு கேட்டது நாற்காலி விழுகிற சத்தம்.

கதவு படாரென்று திறந்தது. “செத்துப்போச்சு! நாப்பத்தெட்டு சதவீதம் இருக்கும்போதே செத்துப்போச்சு!”

“பேசும்னு நினைச்சேன்,” என்றான் அனியெல்லோ. 

“என்னது?”

“நாப்பத்தெட்டு... செத்தும் பேசுறவன்... ரெண்டாவது பெட்டியில...”

வேறு ஊர்க்காரியாக இருந்தால் புரிய அரைமணி ஆகியிருக்கும். நுன்சியாவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவள் முகத்தில் வந்த கோபத்தைப் பார்த்து ரக்கேலேயே ஒரு படி கீழே இறங்கிவிட்டாள்.

“அடப்பாவி மனுஷா! ஆபத்துப் பெட்டியிலயா வச்சே? நாலு வருஷம்டா!” என்று கத்தினாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிப் பொத்தானை அழுத்தினாள். அனியெல்லோவும் பின்னால் ஓடினான்.

“ஒரு நிமிஷம் ஆச்சு!” என்று வாசலிலிருந்து ரக்கேலே.

மெஷின் சாவகாசமாகக் கண் விழித்தது. சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. திரை வந்தது. மூலையில் எண்: நாற்பத்தேழு.

“நாப்பத்தேழு!” என்று அலறினான் அனியெல்லோ. “ஐயோ, நாப்பத்தேழுன்னா பேசாத பொண...”

“அனியே, இன்னொரு நம்பர் உன் வாயிலேர்ந்து வந்தா உன்னை பால்கனி வழியா வீசிடுவேன்!”

அவள் மெஷின்மேல் குனிந்தாள். வலது மூலையைத் தட்டப்போய் வேறெதையோ தட்டினாள். காலண்டர் திறந்தது. அதை மூடினாள், கைபேசி இணைப்பு திறந்தது. ‘பேட்டரி ஆபத்து நிலையில்’ என்று ஒரு பட்டை வந்து நின்றது. திரை மறுபடி கறுத்துவிட்டது.

“ரெண்டரை!”

நுன்சியா மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். “முடிஞ்சுது. என்னால முடியாது. கண்ணே தெரியலை.”

அந்த நேரத்தில்தான் அனியெல்லோவின் மனசு ஒரு நிலைக்கு வந்தது. மலை ரயில் சுரங்கத்துக்கு நடுவில் நின்றுபோனால், விளக்கும் போய் உள்ளே குழந்தைகள் அழ ஆரம்பித்தால், ஓட்டுநர் ஒருவன்தான் பதறக் கூடாது. அவன் குனிந்து, பொத்தானைத் தானே அழுத்தினான். அவள் தோளில் கை வைத்தான். ரயிலில் ஒலிபெருக்கியில் பேசுகிற குரலில், மெதுவாகப் பேசினான்.

“நுன்சி. நான் சொல்றேன், நீ தட்டு. அவசரமே இல்லை. திரை வரட்டும். வந்துடுச்சு. வலது மூலை, பேட்டரிப் படம். ஆமா. கீழ் வரி. சரி. இன்னும் கீழ வா, கடைசிக்கு. கூட்டல் குறி. அதுதான். ரெண்டாவது பெட்டி. அழிச்சிட்டு உன் அஞ்சைப் போடு.”

ஆபத்துப் பட்டை மறுபடி தலைகாட்டியது. நுன்சியா ஐந்தை அடித்து ‘சரி’யைத் தட்டினாள். இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். பத்து எண்ணினார்கள், இருபது எண்ணினார்கள். பட்டை போய்விட்டது. மெஷின் விழித்தே இருந்தது.

“நாலு இருபது!” ரக்கேலேயின் குரல் கிறீச்சிட்டது. “கூப்பிடு! சீக்கிரம் கூப்பிடு!”

அனியெல்லோ ஒரே தாவில் கதவுக்கு வெளியே போனான். இணைப்பு மணி மூன்று தடவை அடித்தது.

“நாலு நிமிஷம் நாற்பது விநாடி, சிஞ்ஞோரா,” என்றார் த்ரெவிசான். “இன்னும் இருபது விநாடி போயிருந்தா நான் எழுந்து போயிருப்பேன். என்ன நடந்தது?”

நுன்சியா மூச்சு வாங்கினாள். பொய் சொல்லலாம். கைபேசி இணைப்பு போய்விட்டது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

“நீங்க ஒரு உதாரணம் கேட்டீங்க, புரொஃபசர்,” என்றாள். “வாழ்க்கையில, நானே கண்ணால பார்த்ததா. அது கதவுக்கு வெளியில நிக்குது.”

அவள் நடந்ததைச் சொன்னாள். மின்வெட்டு, பட்டியல், பத்தும் ஐந்தும், கூனன், நாற்பத்தெட்டு. வெளியே அனியெல்லோவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. உள்ளே பேராசிரியர்கள் மூன்று பேரும் குரலைத் தாழ்த்தி ஏதோ பேசிக்கொண்டார்கள்.

“அறையில வேற ஆள் கூடாதுன்னு விதி,” என்றார் த்ரெவிசான் கடைசியில். “ஆனா கேள்வி கேட்டது நாங்க. பதில் உள்ள வரலாம்.”

அனியெல்லோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். திரையில் மூன்று முகம். நடுவில் நரைமுடி, கண்ணாடி, சிரிப்பே இல்லாத வாய்.

“சிஞ்ஞோர், உங்க மனைவி ஏற்கெனவே சரியா வச்சிருந்த அமைப்பை ஏன் மாத்துனீங்க?”

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். வேறு என்னவோ வந்தது.

“மேடம், நாலு வருஷமா இவ சமையலறை மேசையில உக்காந்து படிக்கிறா. நான் என்ன பண்ண முடியும்? புத்தகத்தைத் தொறந்தா எனக்குத் தலை சுத்துது. நேத்திக்கு இவ எழுதினதைப் படிச்சுப் பார்த்தேன், ஒரு பத்தி தாண்டலை. இவ சந்தேகம் கேட்டா எனக்குப் பதில் தெரியாது. காபி போட்டுக் குடுத்தேன். அதுக்கு மேல குடுக்க எங்கிட்ட என்ன இருக்கு? எனக்குத் தெரிஞ்சது தொண்ணூறு நம்பர்தான். அதுல இருக்கறதுலேயே நல்லதா ஒண்ணை எடுத்துக் குடுத்தேன்.”

நுன்சியா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னிக்கு நடந்ததுக்கு அப்புறமும் அந்த நம்பரை நம்புறீங்களா?” என்று கேட்டார் த்ரெவிசான்.

அனியெல்லோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நம்பலைன்னு சொன்னா இவளுக்கு மார்க் கூடுமா, மேடம்?”

“இல்லை. குறையும்.”

“அப்ப நம்புறேன். ஐயோ, கூடும்னு சொல்லியிருந்தாலும் நம்பத்தான் செய்வேன்.”

வலதுபக்கத்துப் பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். உதினேக்காரரின் உதடும் ஒரு ஓரத்தில் நெகிழ்ந்தது. “சிஞ்ஞோரா, உதாரணத்தைப் பார்த்தோம். முடிவுரையா ஏதாவது சொல்லணுமா?”

நுன்சியா திரைப் பக்கம் திரும்பினாள். பேசியபோது பாடம் ஒப்பிக்கிற குரல் இல்லை, வீட்டில் பேசுகிற குரல்.

“நான் தப்பா எழுதியிருக்கேன், புரொஃபசர். தப்புன்னா, பாதிதான் எழுதியிருக்கேன். ஜனங்க ஜெயிக்கணும்னு நம்பர் வைக்கிறாங்கன்னு நூத்துப்பத்து பக்கம் எழுதினேன். கையில வேற ஒண்ணுமே இல்லாதவங்க, பிரியப்பட்டவங்களுக்குக் குடுக்கறதுக்காகவும் வைக்கிறாங்க. பத்தொன்பது வருஷம் அந்தக் கடையில உக்காந்திருந்தேன், எனக்கு அது தெரியலை. இவர் என் படிப்பைக் கண்டுக்கறதே இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன். அதுவும் தப்பு.”

த்ரெவிசான் கண்ணாடியைக் கழற்றினார். “அறுபத்திரண்டாம் பக்கத்து வாக்கியம் இருக்கட்டும்,” என்றார். “இப்ப சொன்னதையும் அதோட சேர்த்துடுங்க.”

கால்மணி கழித்து மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். நுன்சியாவும் நின்றாள். அனியெல்லோவை வெளியே போகச் சொல்ல யாருக்கும் ஞாபகமில்லை, அவனும் நின்றான். மதிப்பெண் நூற்றுப்பத்துக்கு நூற்றேழு. சட்டம் தமக்களித்த அதிகாரத்தின்படி இவரைப் பட்டதாரியாக அறிவிப்பதாக த்ரெவிசான் வாசித்தார். கடைசியில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, “வாழ்த்துகள், தொத்தோரெஸ்ஸா,” என்றார்.

‘டாக்டரம்மா’ என்ற அந்த ஒரு சொல்லில் அனியெல்லோ உடைந்தான். நாற்பத்தொன்பது வயசு ஆள், தொப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். ரக்கேலே படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாடிக்கும் செய்தியைக் கத்தினாள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள், யாரோ மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

“இங்க பாரு,” என்றாள் நுன்சியா. அவன் பார்க்கவில்லை. அவள் தொப்பியைப் பிடுங்கி மேசைமேல் போட்டுவிட்டு, தங்கையின் நீலக் கோட்டுக் கையாலேயே அவன் முகத்தைத் துடைத்தாள்.